சர்ட்டிபிகேட் இல்லாத எட்டு மாதம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடற்கரை நடையை முடித்துக்கொண்டு வந்து காபி டம்ளரைக் கையில் எடுத்தேன். பேத்தி இரண்டு தாள்களைக் கொண்டுவந்து எதிரில் வைத்தாள்.

"தாத்தா, இது என் பயோடேட்டா. எங்க தப்புன்னு பார்த்துச் சொல்லுங்க. நாற்பது கம்பெனிக்கு மேல அனுப்பிட்டேன். ரெண்டே ரெண்டு போன்தான் வந்தது. அதுவும் இன்ஷூரன்ஸ் பாலிசி பிடிச்சுத் தர்ற வேலைக்கு."

பி.காம். முதல் வகுப்பில் தேறியவள். கணக்கு என்றால் சுறுசுறுப்பு. வீட்டு மின்கட்டண ரசீதில்கூடத் தப்புக் கண்டுபிடிப்பாள். அவளுக்கே இந்த நிலையா என்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

மேலே கொட்டை எழுத்தில் 'கரிக்குலம் விட்டே', அதன் அடியில் இரட்டைக் கோடு. தாளைச் சுற்றிப் பூ பார்டர். முதல் தலைப்பு 'அப்ஜெக்டிவ்'. சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் தன் வளர்ச்சிக்கும் பாடுபடுவதே அவள் குறிக்கோள் என்று ஆங்கிலத்தில் மூன்று வரி. "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டேன். "தெரியலை தாத்தா. டிடிபி கடை அண்ணன் எல்லாருக்கும் இதையேதான் போடறாரு" என்றாள். அடுத்து பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி மதிப்பெண்கள் கட்டம் போட்டு. பிறகு பலங்கள்: கடின உழைப்பு, நேர்மறைச் சிந்தனை. பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது. அதற்கும் பிறகு தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், வகுப்பு, திருமண நிலை, தாய்மொழி. கடைசியில், மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்று உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து.

சொன்னால் சிரிப்பீர்கள். முதல் பார்வையில் எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதே, இதில் என்ன குறை என்று தோன்றியது. இரண்டாம் முறை படிக்கும்போதுதான், இந்த வரிசையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று உறைத்தது. 1998-ல் என் மகனுக்கு, அதாவது இவள் அப்பாவுக்கு, நான் உட்கார்ந்து தயாரித்துக் கொடுத்த அதே பயோடேட்டா. அலமாரியில் இருந்த அந்தப் பழைய தாளைத்தான் இவள் டிடிபி கடைக்கு மாதிரியாகக் கொண்டு போயிருக்கிறாள். பார்டர் மட்டும் புதுசு.

அப்போதுதான் ஒன்றைக் கேட்டேன். "நீ போன வருஷம் அந்த ஆடிட்டர் ஆபீசுக்குப் போய்வந்தியே, அது இதுல எங்க?"

"அது எப்படித் தாத்தா எழுதறது? நான் சும்மா கத்துக்கப் போனேன். சம்பளம் கிடையாது, சர்ட்டிபிகேட்டும் வாங்கலை. காகிதம் இல்லாததை எழுதக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

ஆமாம், நான்தான் சொல்வேன். முப்பத்தெட்டு ஆண்டுக் குமாஸ்தா உத்தியோகத்தில் பாதிக்கு மேல் நிர்வாகப் பிரிவில் இருந்தவன். வேலைக்கு வரும் விண்ணப்பங்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்துச் சரிபார்க்கும் வேலை. வயது வரம்புக்குள் இருக்கிறாரா, படிப்பு பொருந்துகிறதா, சாதிச் சான்றிதழ் இருக்கிறதா, நகல்களில் கெசட்டட் அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா? எல்லாம் இருந்தால் ஒரு கட்டு, ஒன்று குறைந்தாலும் இன்னொரு கட்டு. விண்ணப்பதாரர் எப்படிப்பட்டவர், என்ன செய்யத் தெரிந்தவர் என்பது என் மேஜையின் விவகாரமே இல்லை. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். குமாஸ்தாவுக்கு 'இவன் நல்ல பையனாகத் தெரிகிறான்' என்று முடிவு செய்யும் உரிமையைக் கொடுத்தால், நல்ல பையன்கள் எல்லோரும் அவன் சொந்தக்காரப் பையன்களாகவே இருப்பார்கள். அந்தச் சட்டதிட்டத்தை இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். நான் மட்டுமா? புதுச்சேரியில் தெருவுக்குப் பத்து வீடு ஓய்வுபெற்ற அரசு ஊழியர் வீடு. பிள்ளை, பேரப்பிள்ளைக்கு வேலை விண்ணப்பம் என்றால் நாம்தான் பேனாவை எடுக்கிறோம். தனியார் கம்பெனிக்குப் போகிற தாளையும் செக்ரடேரியட்டுக்குப் போகிற தாளாகவே எழுதுகிறோம். அரசாங்க மேஜையில் நம் விண்ணப்பத்தைத் தள்ளக் காரணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கம்பெனி முதலாளியோ மேனேஜரோ, திங்கட்கிழமை காலையில் இந்தப் பெண்ணை உட்காரவைத்தால் எந்த வேலை என் தலையிலிருந்து இறங்கும் என்று பார்க்கிறார். அவருக்கு நம் பேத்தியின் மதமும் தாய்மொழியும் எதற்கு?

இது எனக்குப் புதிதாகத் தெரிந்த சங்கதி என்றும் சொல்ல முடியாது. ஒருமுறை நன்றாகவே பட்டிருக்கிறேன். பட்டும் மறந்திருக்கிறேன்.

நான் படித்தது முழுக்கப் பிரெஞ்சு. 1954-ல் ஆட்சி மாறினாலும், 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தில், மக்கள் பிரதிநிதிகள் வேறுவிதமாகத் தீர்மானிக்கும் வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று எழுதியிருந்தது. அதை நம்பித்தான் எங்கள் அப்பா என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார். நான் 'பிரெவே' முடித்து வெளியே வந்தபோது ஆபீஸ்கள் எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து, ஆங்கிலத்தை ஏறக்குறைய அடியிலிருந்து கற்றேன். எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து காத்திருந்து, 1973-ல் எல்.டி.சி. வேலைக்கு நேர்முகக் கடிதம் வந்தது. விண்ணப்பத்தில் 'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம் என்று மட்டும் எழுதினேன். பிரெஞ்சை எழுதினால் ஆங்கிலம் அரைகுறை என்று நினைத்துவிடுவார்கள் என்று இன்ஸ்டிடியூட்டில் கூடப் படித்த ஒருவர் சொன்ன யோசனை. நான் இணைத்த சர்ட்டிபிகேட்டே பிரெஞ்சில்தான் இருந்தது. அதையும் வைத்துக்கொண்டு பிரெஞ்சை மறைத்த புத்திசாலி நான்!

நேர்முகத்தில் மூன்று பேர். ஆங்கிலத்தில் கேட்ட கேள்விகளுக்குத் திக்கித் திணறிப் பதில் சொன்னேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஓரத்தில் இருந்த அதிகாரி என் சர்ட்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பியூனிடம் எதையோ சொல்ல, அவர் ஒரு தடித்த பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். 'எத்தா சிவில்', அதாவது பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு. பழைய இங்க், சாய்ந்த கையெழுத்து, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. "படிக்க வருமா?" என்றார். 'லான் மில் யுயி சான்...' என்று ஆரம்பித்தேன். ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் ஆண்டு, இன்ன தேதி, எங்கள் முன்னிலையில் ஆஜராகி என்று போகும் பதிவு அது. ஒரு பக்கத்தைப் படித்துத் தமிழில் சொன்னேன். திக்கவே இல்லை. அந்த மாதிரிப் பதிவேடுகள் அறை அறையாகக் கிடந்தன. பென்ஷனுக்கும், பிரெஞ்சு தேசிய உரிமைக்கும், சொத்து வழக்குக்கும் நகல் கேட்டு ஜனங்கள் வாசலில் நின்றார்கள். படித்துச் சொல்ல ஆள் குறைந்துகொண்டே போனது. எனக்கு வேலை கிடைத்தது அந்தப் பக்கத்தால்தான். அதிகாரி மட்டும் சர்ட்டிபிகேட்டைத் திருப்பிப் பார்க்காமல் விட்டிருந்தால்? அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அவர்களுக்கு எது தேவையோ அதை எழுதாமல், எதெது இருந்தால் மரியாதை என்று நினைத்தேனோ அதை எழுதினேன். ஐம்பது வருஷம் கழித்து என் பேத்தியையும் அதே தப்பைச் செய்யவைத்திருக்கிறேன்.

சரி, அந்த ஆடிட்டர் ஆபீசில் என்னதான் செய்தாய் என்று கேட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். பதினாலு கடைகளின் கணக்கு இவள் பார்வையில் இருந்ததாம். வாங்கின பில்லும் விற்ற பில்லும் பையில் கட்டி வருமாம். அதையெல்லாம் டாலியில் ஏற்ற வேண்டும். அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி. நடுவில் 14-ஆம் தேதி 2பி என்று ஒரு பட்டியல் அரசாங்கத்தின் இணையதளத்தில் வரும். சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்லெல்லாம் அதில் இருக்கும். நம் கணக்கில் இருந்து அதில் இல்லாமல் போனால், கட்டின வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஒரு பாத்திரக் கடைக்கு மாதாமாதம் இப்படி இடித்துக்கொண்டிருந்ததாம். மொத்த வியாபாரி ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்துக்கொண்டிருந்ததை இவள்தான் கண்டுபிடித்தாளாம். பத்து நிமிஷம் கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினாள். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் இதே பேச்சை ஒரு கடை முதலாளி கேட்டிருந்தால் அங்கேயே நாற்காலி போட்டிருப்பார் என்பது மட்டும் புரிந்தது. நாற்பது கம்பெனிக்குப் போன தாளில் இதில் ஒரு சொல் இல்லை. பாட்டுக் கேட்பது இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம்.

'ரெஸ்யூமே' என்கிறார்களே, அது பிரெஞ்சுச் சொல். பிரெஞ்சுக்காரர் வேலைக்குக் கொடுக்கும் தாளை அப்படிச் சொல்வதில்லை, 'சே வே' என்பார்கள். 'ரெஸ்யூமே' என்றால் அவர்களுக்குச் சுருக்கம். பள்ளியில் எங்களுக்கு அது ஒரு பயிற்சி. ஒரு பக்கப் பாடத்தைக் கொடுத்து, கால் பக்கத்துக்குச் சுருக்கச் சொல்வார் வாத்தியார். நான் நீளமான வாக்கியங்களை அப்படியே வைத்துக்கொண்டு அங்கங்கே ஒரு சொல்லை எடுப்பேன். அவர் சிவப்புப் பென்சிலால் ஒரு வாக்கியத்தை முழுசாக அடிப்பார். "இது போனால் எவனாவது தேடுவானா?" என்பார். அதே கேள்வியைத்தான் பேத்தியிடம் ஒவ்வொரு வரிக்கும் கேட்டேன். அப்ஜெக்டிவ் போனது. மதம், வகுப்பு, திருமண நிலை போயின. உறுதிமொழி போனது. பலங்கள் போனபோது கொஞ்சம் தயங்கினாள். "கடின உழைப்பாளின்னு போடாட்டி சோம்பேறின்னு நினைச்சுக்க மாட்டாங்களா?" பதினாலு கடைக் கணக்கை மாதம் தவறாமல் தேதிக்குள் முடித்தவள் என்று எழுதினால், மற்றதை அவர்களே நினைத்துக்கொள்வார்கள் என்றேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை எடுக்க மட்டும் எனக்கே மனசு வரவில்லை. 478 மார்க்! ஒரு வரியில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டோம்.

இதற்குள் என் மகனின் சிநேகிதர் ஒருவர் வந்து சேர்ந்தார். "எட்டு மாசம்னு ஏன் போடறீங்க? ரெண்டு வருஷ அனுபவம்னு போடுங்க. யார் கேட்கப் போறாங்க?" என்றார். கேட்பார்கள். நான் வேலை பார்த்த காலத்தில், பல வருஷம் உத்தியோகம் பார்த்த ஒருவருடைய சான்றிதழ், சரிபார்க்கப் போன இடத்தில் போலி என்று தெரிந்து வேலை போனது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆபீசைவிட்டு அந்த மனிதர் படியிறங்கியது என் கண்ணிலேயே இருக்கிறது. இன்றைக்குத் தனியாரிலும் பி.எஃப். யூஏஎன் எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று வந்துவிடுகிறது. ஆகவே 'ஜூன் முதல் ஜனவரி வரை, எட்டு மாதம், சம்பளமில்லாப் பயிற்சி' என்றே எழுதவைத்தேன். அடுத்த நாள் அவளே ஆடிட்டரைப் போய்ப் பார்த்து, "சார், உங்க பேரையும் நம்பரையும் கொடுக்கலாமா?" என்று கேட்டாள். "தாராளமாக் கொடும்மா, யார் கூப்பிட்டாலும் சொல்றேன்" என்றாராம். இதை முதலிலேயே செய்திருக்கலாம். முத்திரை இல்லாத சாட்சி சாட்சியே இல்லை என்று நினைத்த வீட்டில் பிறந்த பெண், பாவம்.

சில்லறை விஷயங்களும் இருந்தன. பழைய தாளில் இருந்த ஈமெயில், பள்ளியில் படிக்கும்போது விளையாட்டாக வைத்த செல்லப் பெயர். அதை மாற்றி, தன் பெயரிலேயே ஒன்று தொடங்கினாள். அனுப்பிய கோப்பின் பெயர் 'நியூ பைனல் டூ'. வாங்குகிறவரிடம் அப்படி எத்தனை பைனல் கிடக்குமோ! போன் நம்பரை நான் ஒருமுறை உரக்கப் படித்துச் சரிபார்த்தேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டு மூன்று மாதம் போனுக்காகக் காத்திருந்தான். பெரிய கம்பெனிகளில் முதலில் கம்ப்யூட்டர்தான் படிக்கிறதாம். விளம்பரத்தில் கேட்ட சொல் தாளில் இருக்கிறதா என்று தேடுமாம், பூ பார்டரும் கட்டமும் அதைக் குழப்புமாம். இது பேத்தி சொன்னது. டாலி, ஜிஎஸ்டி என்பதையெல்லாம் விளம்பரத்தில் கண்டபடியே எழுதினாள். செய்யத் தெரிந்ததை மட்டும்தான்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் தாளைக் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்றபோது, "அது ஏமாத்து இல்லையா தாத்தா?" என்றாள். லியோனார்தோ தா வின்சி கதையைச் சொன்னேன். 1480-களின் தொடக்கத்தில் அவர் மிலானை ஆண்ட லுதோவிக்கோ ஸ்போர்சாவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதினார். சுலபமாகத் தூக்கிச் செல்லும் பாலங்கள் கட்டுவேன், கோட்டையை முற்றுகையிடச் சாதனங்கள் செய்வேன், பீரங்கி செய்வேன் என்று வரிசையாக எழுதிவிட்டு, அமைதிக் காலத்தில் கட்டிடமும் கட்டுவேன், சிலையும் செய்வேன் என்று சொல்லி, ஓவியமும் வரைவேன் என்பதைக் கடைசியில்தான் சேர்த்தார். ஓவியத்தால் உலகப் புகழ் பெற்றவர்! அன்றைக்கு அந்தப் பிரபுவின் கவலை யுத்தம். பொய் சொல்லவில்லை, வரிசையைத்தான் பார்த்து வைத்தார். பேத்திக்கு இது பிடித்துப்போனது. தயாரிப்புக் கம்பெனிக்கு அனுப்பும் தாளில் ஜிஎஸ்டியை மேலேயும், ஆடிட்டர் ஆபீசுக்கு அனுப்புவதில் பதினாலு கடையை மேலேயும் வைத்தாள்.

கூட ஒரு கடிதம் வேண்டுமே. இதில் நான் மன்னன் என்று நினைத்தேன். நாங்கள் படித்த காலத்தில் பிரான்சில் வேலைக்கு எழுதுகிறவர் கடிதத்தைக் கையால்தான் எழுத வேண்டும். கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்கிறவர்களிடம் அதைக் காட்டிய கம்பெனிகள்கூட அங்கே உண்டு. முடிவில் தங்கள் மேலான சமூகத்துக்கு என் உயர்ந்த மரியாதையை ஏற்றருளுமாறு என்று இரண்டு வரிக்கு ஒரு கும்பிடு. பிறகு ஆங்கிலத்துக்கு வந்து, பணிவுடன் சமர்ப்பிக்கிறேன் என்பதில் கரை கண்டவன். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பேத்தி படித்துவிட்டுச் சிரித்தாள். நாலே வரி ஈமெயில் எழுதினாள்: என்ன வேலைக்கு, எட்டு மாதம் என்ன செய்தேன், எப்போது சேர முடியும், போன் நம்பர். அதில் திருத்த எனக்கு ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் காலை நடையில் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவரும் சர்வீஸில் இருந்தவர்தான். "என்னய்யா பேப்பர் பேப்பர்ங்கறீர். சிபாரிசு இல்லாம எவன் வேலை கொடுக்கிறான்?" என்றார். சிபாரிசு இல்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை. ஆனால் சிபாரிசு செய்கிறவரும் முதலில், "உங்க பேத்தி பயோடேட்டாவை வாட்சப்பில் அனுப்புங்க" என்றுதானே கேட்கிறார்? அவர் தள்ளிவிடும் இடத்தில் அதைத் திறந்து பார்க்கிறவருக்கு அந்தப் பூ பார்டரும் அப்ஜெக்டிவும்தானே தெரியும்? நண்பர் பதில் சொல்லாமல், காந்தி சிலைப் பக்கம் கைகாட்டி வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

நமக்கெல்லாம் ஆசை, பிள்ளைகள் அரசாங்கத்தில் சேர வேண்டும் என்று. சேரட்டும், பரீட்சை எழுதட்டும். மத்திய அரசில் 2016 ஜனவரி 1 முதல் குரூப் சி வேலைகளுக்கும், கெசட்டில் வராத குரூப் பி வேலைகளுக்கும் நேர்முகமே கிடையாது. அங்கே போகிற பிள்ளைக்கு நாம் பழகிய கட்டம்போட்ட படிவமே போதும். ஒரு தாளைப் பார்த்து ஒருவர் நேரில் கூப்பிடுவது என்பது பெரும்பாலும் தனியாரில்தான் இப்போது நடக்கிறது. அந்தத் தாளில் நம் கை படாமல் இருப்பதே நல்லது என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. கை வைக்காமல் இருக்க முடியவில்லை என்றால், பிள்ளைகளைக் கேள்வி கேட்கலாம். என்ன செய்தாய், யாருக்காகச் செய்தாய், உன்னால் அவர்களுக்கு என்ன மிச்சமானது என்று. எங்கள் தெருவில் பி.ஏ. படித்த ஒரு பெண், கொரோனா சமயத்தில் அப்பா படுத்துவிட, மளிகைக் கடையை ஒன்றரை வருஷம் தனியாக நடத்தினாள். அவள் பயோடேட்டாவில் 'அனுபவம்: இல்லை' என்று எழுதியிருக்கிறது. என் பேத்தி அதைத் திருத்தப் போயிருக்கிறாள்.

புதிய தாளை இதுவரை பதினொரு இடத்துக்கு அனுப்பியிருக்கிறாள். மூன்று போன் வந்தது. ஒன்று சம்பளம் சரிப்படவில்லை. ஒன்றுக்கு நேரில் போனாள். 2பி கணக்கைப் பற்றியே அரை மணி நேரம் கேட்டார்களாம், பதில் இன்னும் வரவில்லை. மூன்றாவது சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலை, வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்கிறாள் அவள். என் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறேன் நான். இந்த வயதில் அவ்வளவு தூரம் ஓட்டக்கூடாது என்று என் வீட்டுக்காரி சாவியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள்.